யார் மேல் பழி: வேளச்சேரி விஜயநகர் சந்திப்பை முன்வைத்து

சாலை நெரிசலில் அகப்பட்டவரின் கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு நெருடல் மனத்தில் தங்கிவிடும். சென்னை வேளச்சேரியில், விஜயநகர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்திப்பில் மாலை ஏழு மணிக்கு மாட்டிக்கொண்டவர், முன்னால் சட்டென்று நின்று ஆளேற்றும் ஷேர் ஆட்டோவைத் திட்டுவார். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கி முந்துகிற இருசக்கர வண்டியைத் திட்டுவார். சிவப்பு விழுந்த பிறகும் பின்பாதியைச் சந்திப்புக்குள் விட்டுவிட்டு நிற்கும் மாநகரப் பேருந்தைத் திட்டுவார். காய்கறிப் பையோடு குறுக்கே ஓடுகிற பெண்மணியைப் பார்த்து ஹாரனை அழுத்துவார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமோ தமக்குத் தாமேயோ, "நம்ம ஜனங்களுக்கு டிராஃபிக் சென்ஸே கிடையாது" என்று தீர்ப்பு வழங்குவார். திட்டு வாங்கியவர்களும் தத்தம் இருக்கையிலிருந்து இதே தீர்ப்பை அவர் மேல் வழங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பெரிய வழக்கில் ஒருபோதும் கூண்டில் ஏற்றப்படாதது அவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும் தரைதான்: அதன் அகலம், அதன் வளைவு, பேருந்து நிற்பதற்கென்று விடப்பட்ட இடம், ஒரு சாலை மற்றொன்றில் வந்து விழும் கோணம். அளவில் நேர்ந்த பிழை குணத்தில் நேர்ந்த பிழையாக உருமாறி மனிதர்கள் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது எப்படி நேர்கிறது, இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு மயக்கம் என்ற கேள்வி எளிதில் தீர்வதாயில்லை. ஏனெனில் அந்தத் தீர்ப்பு முழுப் பொய்யும் அல்ல.

கிண்டிப் பக்கமிருந்து குருநானக் கல்லூரி வழியாக வரும் நூறடிப் புறவழிச்சாலை, கிழக்கே ராஜீவ் காந்தி சாலையை எட்டும் தரமணி இணைப்புச் சாலை, தெற்கே பள்ளிக்கரணையையும் மேடவாக்கத்தையும் கடந்து தாம்பரம் போகும் சாலை, பழைய வேளச்சேரி ஊருக்குள்ளிருந்து வரும் பிரதான சாலை என நான்கு கைகள் இங்கே சேர்கின்றன. ஒவ்வொரு கையிலிருந்தும் வருபவர் நேரே போகலாம், இடப்பக்கம் திரும்பலாம், வலப்பக்கம் திரும்பலாம் என்பதால் கணக்குப்படி பன்னிரண்டு வகைப் போக்குகள். போக்குவரத்துப் பொறியாளர்கள் 'மோதற்புள்ளி' என்ற ஒன்றை எண்ணுவார்கள். இரண்டு வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம், ஒன்றாகச் சேரும் இடம், ஒன்றிலிருந்து பிரியும் இடம் ஆகிய மூன்றுக்கும் அதுவே பொதுப்பெயர். போக ஒரு தடம், வர ஒரு தடம் மட்டுமே கொண்ட மிக எளிய நாற்சாலைச் சந்திப்பில் இத்தகைய புள்ளிகள் 32. அவற்றில் 16 வெட்டுப்புள்ளிகள். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் மொத்தமே 9. ஒரு சிறு ரவுண்டானா இந்த 32-ஐ 8-ஆகக் குறைத்துவிடும். தடங்கள் இரண்டாகவும் மூன்றாகவும் பெருகினால் புள்ளிகள் அந்த விகிதத்தைத் தாண்டிப் பெருகும். இவற்றோடு, சந்திப்பின் மூலையிலேயே ஒரு பேருந்து நிலையத்தின் வாயிலும் திறக்கிறது என்றால், நிலையத்துக்குள் நுழையும் பேருந்தும் வெளியேறும் பேருந்தும் தத்தம் பங்குக்குப் புதிய வெட்டுப்புள்ளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். பேருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் நீளமானது. திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டி வரும். அதனால் ஓட்டுநர் முதலில் எதிர்ப்பக்கம் அகலமாக ஒடித்துத்தான் திருப்ப வேண்டும். நடத்துநர் விசில் ஊதுகிறார், உள்ளங்கையால் தகரத்தைத் தட்டுகிறார், முன்னால் இடமில்லாததால் பேருந்தின் வால் சந்திப்பின் நடுவே நின்றுவிடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது திமிர். ஓட்டுநருக்கோ அந்த நீளத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கும் நிற்க வழியில்லை.

இந்த நான்கு கைகளில் ஏன் இவ்வளவு வண்டிகள் என்ற கேள்விக்கு விடை சந்திப்பில் இல்லை. வேளச்சேரியின் வடகிழக்கே கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டி ஐஐடி வளாகமும் ஒரே பெரும் பசுமைத் தொகுதியாகக் கிடக்கின்றன. வெளிமான்கள் திரியும் அந்த நிலத்தின் ஊடே பொதுச்சாலை எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. தெற்கிலும் தென்கிழக்கிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, அறிவிக்கப்பட்டது. மேற்கே வேளச்சேரி ஏரியின் மிச்சம். பூங்காவுக்கும் சதுப்புக்கும் இடையே எஞ்சிய கழுத்துப் பகுதி வழியாகத்தான் தென்சென்னையின் மேற்குப் பாதி கிழக்குப் பாதியைப் போய்ச் சேர வேண்டும். தரமணி இணைப்புச் சாலை அந்தக் கழுத்தில் ஓடுகிறது. அதை விட்டால் அடுத்த குறுக்குவழி, தெற்கே சதுப்பை வகிர்ந்துகொண்டு போகும் பல்லாவரம் துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை. கிழக்கே தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும், மேற்கிலும் தெற்கிலும் அவற்றில் வேலை செய்பவர்களின் வீடுகளும் ஒரே இருபது ஆண்டுக் காலத்தில் குவிந்தபோது, சுமை முழுவதும் இந்தக் கழுத்தின் மேல் இறங்கியது. இங்கே ஒரு சங்கடமான உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நெரிசலின் ஒரு பங்கு, நகரம் அழிக்காமல் விட்டுவைத்த நல்லவற்றுக்குக் கொடுக்கும் விலை. மானையும் நீர்ப்பறவையையும் விரட்டிவிட்டு நாலு சாலை போட்டிருந்தால் விஜயநகர் சற்று மூச்சுவிட்டிருக்கக்கூடும். அப்படி விட்ட மூச்சை எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த நியாயத்தையும் அளவோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. சதுப்பின் பெரும்பகுதியும் ஏரியின் பெரும்பகுதியும் ஏற்கெனவே கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டன. காற்று தெற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கின் புகைவாடை வரிசையில் நிற்பவர்களின் மூக்கை வந்து தொடுகிறது. நகரம் இழக்கவும் செய்தது, வழியும் பெறவில்லை.

நிலத்தின் இயல்போடு மனைவணிகத்தின் இயல்பும் சேர்ந்துகொண்டது. சென்னைப் புறநகர்களைப் போலவே வேளச்சேரியும் மனைப்பிரிவு மனைப்பிரிவாக வளர்ந்த ஊர். ஒருவர் வயலை வாங்கி, கோடு கிழித்து, முப்பதடிக்கோ இருபதடிக்கோ தெரு விட்டு, கிரவுண்டு கணக்கில் விற்றார். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே செய்தார். ஒருவருடைய தெரு அடுத்தவருடைய மதிலில் போய் முட்டி நின்றது. இரண்டு தெருக்களும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் பால் வாங்கப் போகிறவரும் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவரும் உள்வழியாகவே போய்த் திரும்பியிருப்பார்கள். தொடாததால் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கும் பிரதான சாலைக்கு வந்து, சந்திப்பைக் கடந்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. தப்பித்தவறி இணைந்துபோன சில தெருக்களைக் கைபேசியின் வரைபடச் செயலி கண்டுபிடித்து வெளியூர் வண்டிகளை அவற்றுக்குள் திருப்பிவிட, அங்கே குடியிருப்போர் வேகத்தடை போட்டார்கள், பூந்தொட்டி வைத்தார்கள், சில இடங்களில் இரவு பத்து மணிக்குமேல் கதவையே சாத்தினார்கள். அவர்கள் பக்க நியாயம் வலுவானது. குழந்தை விளையாடும் தெருவில் வேனும் டெம்போவும் நுழைவதை யாரும் பொறுக்க மாட்டார்கள். ஆனாலும் சாத்தப்படும் ஒவ்வொரு கதவும் தன் பங்கு வண்டிகளைச் சந்திப்பிடம் தள்ளிவிடுகிறது. அங்கே நெரிசல் முற்றும்போது மனு எழுதிக் கையெழுத்து வாங்குவதும் அதே குடியிருப்போர் நலச்சங்கங்கள்தான். இதை முரண் என்று சொல்லி நகைப்பது எளிது. தெருவைக் காப்பது தன் கையில் இருப்பதும் சந்திப்பைச் சீர்செய்வது தன் கையில் இல்லாததும்தான் அந்த முரணின் வேர்.

குணத்தைப் பற்றிய தீர்ப்புக்கு உண்மையான சோதனை சிக்னல் கம்பத்தின் கீழே நடக்கிறது. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் உலகெங்கும் சிக்னல் நேரங்களைத் தீர்மானிக்க இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. அது இரண்டு அளவுகளைக் கேட்கிறது. ஒன்று 'இழப்பு நேரம்': பச்சை விழுந்தும் வண்டிகள் கிளம்பத் தயங்கும் நொடிகளும், ஒரு பக்கம் நின்று மறுபக்கம் கிளம்புவதற்கு இடையே யாருக்கும் பயன்படாமல் போகும் நொடிகளும் சேர்ந்தது. மற்றது, ஒவ்வொரு கையிலும் வரும் வண்டிகளுக்கும் அந்தக் கை அதிகபட்சம் வெளியேற்றக்கூடிய வண்டிகளுக்கும் உள்ள விகிதம். சூத்திரம் எடுத்துக்கொள்வது நான்கு கைகளுக்கும் உரிய விகிதங்களைக் கூட்டினால் வரும் எண்ணை. நான்கு கைகளுக்கும் தனித்தனியே பச்சை கொடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு நொடி வீணாகிறது என்று கொண்டால் இழப்பு 16 நொடி. விகிதக் கூட்டுத்தொகை 0.8 என்றால் சூத்திரம் கேட்கும் சுற்றுநேரம் 145 நொடி, 0.9 என்றால் 290 நொடி, ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஒன்றை நெருங்க நெருங்க அந்த நேரம் எல்லையின்றி நீளும். இதன் பொருள், ஓரளவுக்குமேல் வண்டி சேர்ந்துவிட்ட சந்திப்பை எந்தச் சிக்னலாலும் சரிசெய்ய முடியாது என்பதே. அந்த நிலையில், எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் புத்தர்களாக நின்றாலும் வரிசை வளர்ந்துகொண்டேதான் போகும். ஒழுக்கம் என்பது சூத்திரத்தில் ஓர் உறுப்பாகக்கூட இல்லை.

இதைவிட வியப்பானது இருசக்கர வண்டிகளின் விஷயம். சென்னையில் சிவப்பு விழுந்ததும் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் இடையிலுள்ள இடுக்குகள் வழியே கசிந்து வந்து நிறுத்தக்கோட்டில் அடர்ந்து நிற்கும். பக்கத்து வண்டியின் சைலன்சர் சூடு கணுக்காலில் படும் நெருக்கம் அது. தடம் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நாடுகளில் பழகிய கண்ணுக்கு இது வரிசை தாண்டும் அநாகரிகம். ஆனால் பச்சை விழும் கணத்தில் முதலில் பாய்ந்து கிளம்புவது இந்தக் கூட்டம்தான். வெப்ஸ்டர் கணக்கில் வீணாகும் தொடக்க நொடிகள் இங்கே வீணாவதில்லை. மாறாக முதல் சில நொடிகளில்தான் மிக அதிகமான பேர் சந்திப்பைக் கடந்துவிடுகிறார்கள். அத்தனை இருசக்கர வண்டிகளும் கார்களைப் போல ஒரே கோட்டில் வரிசைகட்டி நின்றால் வரிசையின் வால் பல மடங்கு நீண்டு அடுத்த சிக்னலைத் தொட்டுவிடும். ஆக, ஒழுங்கீனம் என்று பெயர் வாங்கியிருக்கும் ஒரு பழக்கம், அகலம் போதாத சாலையிலிருந்து கூடுதல் வேலையைப் பிழிந்தெடுக்கும் உத்தியாகவும் இருக்கிறது. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் எல்லாப் பழியும் வரைபடத்துக்கே என்று முடித்துவிடலாமா? முடியாது. முன்னால் இடமில்லை என்று தெரிந்தே சந்திப்புக்குள் வண்டியை நுழைத்து நிறுத்துகிறவர், தம் ஒருவருக்குக் கிடைக்கும் பத்தடிக்காக மற்ற மூன்று கைகளையும் பூட்டிவிடுகிறார். எதிர்த்தடத்தில் ஏறி வருகிறவருக்கு எந்தச் சூத்திரமும் சாக்கு ஆகாது. ஆனால் இந்தக் குற்றமும் எங்கே மிகுதியாக நடக்கிறது என்று பார்த்தால், ஒரு பச்சையைத் தவறவிட்டால் நாலைந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று அனுபவம் கற்றுக்கொடுத்த இடங்களில்தான். காத்திருப்பு நீளமாகும்போது பொறுமை விலை ஏறுகிறது. விலை ஏறிய பொருளை எல்லோராலும் வாங்க முடிவதில்லை.

மின்சாரம் போய் சிக்னல் அணைந்த நாட்களில் வண்டிகள் நன்றாகவே போயின என்று சொல்லாத சென்னைவாசி குறைவு. நெதர்லாந்தின் டிராக்டன் நகரில், ஹான்ஸ் மான்டர்மன் என்ற பொறியாளர், நாளொன்றுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கடந்த ஒரு சந்திப்பில் சிக்னல்களையும் தடுப்புகளையும் எடுத்துவிட்டு, ஓட்டுநரும் நடப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வழிவிடும்படி தளத்தை அமைத்தார், அது பெயர்பெற்றது. இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு, சிக்னலே வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் டிராக்டனில் முதலில் குறைக்கப்பட்டது வேகம். தரையின் வடிவமே வண்டியை மெதுவாக்கியது. கண்ணோடு கண் பார்ப்பது அதற்குப் பின்னர்தான். நூறடிச் சாலையில் இறங்கிவரும் வேனோடு கண்ணால் பேச எந்த மூதாட்டிக்கும் நேரம் இருக்காது. சிக்னல் அணைந்தால் நன்றாகப் போகிறது என்று சொல்பவரும் பெரும்பாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரே. ஓரத்தில் காத்திருந்தவரிடம் யாரும் கேட்டதில்லை. உலகின் முதல் போக்குவரத்து விளக்கு 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே நடப்பட்டது என்பதும், ரயில்வேயின் கைகாட்டியை நகலெடுத்த அந்த எரிவாயு விளக்கின் முதன்மையான நோக்கம் உறுப்பினர்கள் வண்டிகளுக்கிடையே நசுங்காமல் நடந்து கடப்பதே என்பதும் இந்த இடத்தில் நினைக்கத்தக்கவை. அடுத்த மாதமே அது வெடித்தது. அதை இயக்கிய காவலர் காயமடைந்தார். நடப்பவருக்காகப் பிறந்த கருவி பின்னர் வண்டிகளின் கணக்குக்குள் போய்விட்டது.

அந்தக் கணக்கின் அலகைப் பார்த்தால் இது தெளிவாகும். 1934-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ், நகரச் சாலைகளுக்கான 1990-ஆம் ஆண்டு வழிகாட்டியில், எல்லா வண்டிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர 'கார் அலகு' என்ற முறையைக் கையாள்கிறது. சாலையை அடைப்பதில் ஒரு கார் ஒன்று என்றால், இருசக்கர வண்டி 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பேருந்தும் லாரியும் 2.2 முதல் 3.7 வரை, சைக்கிள் 0.4 அல்லது 0.5; மொத்தப் போக்குவரத்தில் அவ்வகை வண்டியின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து எண் மாறும். வண்டி அடைக்கும் இடத்தை அளக்க இது நேர்மையான வழியே. ஆனால் அறுபது பேரைச் சுமக்கும் பேருந்து ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வரையிலான கார்களுக்குச் சமமான தொல்லையாகவும், ஒருவர் மட்டும் உட்கார்ந்து வரும் கார் தொல்லையின் அடிப்படை அலகாகவும் இந்தப் பட்டியலில் பதிவாகின்றன. நடப்பவருக்கு எண்ணே இல்லை. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்த பின் நிலையத்திலிருந்து இறங்கி நடப்பவர்கள், பேருந்து மாறி ஏற ஓடுகிறவர்கள், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வருகிறவர்கள் எல்லோரும் சந்திப்பைப் பயன்படுத்துகிறார்கள். சந்திப்பின் கணக்கில் அவர்கள் வண்டிகளின் ஓட்டத்துக்கு நேரும் இடையூறாக மட்டுமே தெரிகிறார்கள். நூறடி என்பது சுமார் முப்பது மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பொறியியல் எடுத்துக்கொள்ளும் வழக்கமான வேகத்தில் அதைக் கடக்க 25 நொடி வேண்டும். முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 37 நொடிக்கும் மேல். இடது பக்கம் திரும்பும் வண்டிகளை நிறுத்தாமல் விடும் 'ஃப்ரீ லெஃப்ட்' ஏற்பாடு இருந்தால் அந்த நொடிகளும் முழுதாக அவர் கைக்கு வராது. அவர் நடுத்தடுப்பில் ஒரு காலும் தார் மேல் ஒரு காலுமாக நிற்கிறார். தடுப்புக் கம்பிகளில் எங்கேனும் ஒன்று வளைக்கப்பட்டு, பல கைகள் பிடித்துப் பிடித்து வண்ணம் போய் இரும்பு பளபளவென்று இருக்கும். நடப்பவர்கள் கடக்க விரும்பும் இடத்தைக் காட்டும் ஒரே ஆவணம் அதுதான். அந்தக் கம்பியை அவ்வப்போது நிமிர்த்திப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் விடையாக வந்தது ஈரடுக்கு மேம்பாலம். தரமணி இணைப்புச் சாலையிலிருந்து புறவழிச்சாலைக்குப் போகும் மேலடுக்கு 2021 நவம்பரிலும், புறவழிச்சாலையிலிருந்து தாம்பரம் சாலைக்குப் போகும் கீழடுக்கு 2022 மே மாதத்திலும் திறக்கப்பட்டன. இரண்டும் ஒருவழிப் பாலங்கள். பன்னிரண்டு போக்குகளில் இரண்டு மேலே தூக்கப்பட்டன. மீதிப் பத்தும், நடப்பவர்களும், பேருந்து நிலையத்தின் வாயிலும் தரையிலேயே இருக்கிறார்கள். தூக்கப்பட்ட இரண்டும் பெரிய போக்குகள் என்பதில் ஐயமில்லை. தினமும் அந்த வழியே போகிறவர் பெற்ற நிம்மதியைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எனினும் பாலம் எங்கேனும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கும் இடத்தில் பாலத்து வண்டிகளும் பக்கவாட்டுச் சாலை வண்டிகளும் ஒரே அகலத்துக்குள் நுழைய முண்டுகின்றன. அங்கே புதிய முடிச்சு விழுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962-இலேயே ஒன்றைச் சொல்லியிருந்தார்: நகர விரைவுச்சாலையில் நெரிசல் நேரக் கூட்டம், கூட்டப்பட்ட கொள்ளளவை நிரப்பும்வரை தானே உயரும். முன்பு நெரிசலுக்கு அஞ்சி வேறு நேரத்தில், வேறு வழியில், பேருந்திலோ ரயிலிலோ போனவர்கள் வழி திறந்ததும் திரும்பி வருவார்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை நிலச்சிக்கல்களால் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் இழுபட்டதையும், பாலம் அதைவிட வெகுவிரைவில் முடிந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திரும்பி வரும் கூட்டத்துக்கு அழைப்பு எந்தப் பக்கமிருந்து போனது என்பது விளங்கும். பாலத்துக்கு எவரும் திட்டமிடாத ஒரு பயனும் வாய்த்தது. 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் மூழ்கிய இப்பகுதி மக்கள், 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும், தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்தினார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடுவதற்கென்று கட்டிய பாலம், ஏரியும் சதுப்புமாக இருந்த தரையில் வண்டியை நிறுத்தி வைக்க நம்பத்தகுந்த மேட்டுநிலமானது.

சந்திப்புக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடினால் கோபம் ஏன் பக்கத்து வண்டிமேல் பாய்கிறது என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும். பாலத்தைக் கட்டுவது மாநில நெடுஞ்சாலைத் துறை. மழைநீர் வடிகாலும் உட்புறச் சாலைகளும் மாநகராட்சியின் பொறுப்பு. சிக்னலும் தடுப்புகளும் போக்குவரத்துக் காவல். பேருந்தை ஓட்டுவது மாநகரப் போக்குவரத்துக் கழகம். பக்கத்தில் எழும் அடுக்ககத்துக்கும் வணிக வளாகத்துக்கும் அனுமதி வழங்குவது பெருநகர வளர்ச்சிக் குழுமம். இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கவென்று ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நகரத்தின் சந்திப்புகளை நடைமுறையில் வடிவமைத்தவர்கள் வெயிலில் நின்ற காவலர்களே. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பையும் சக்கரம் வைத்த இரும்பு பேரிகார்டையும் நகர்த்தி நகர்த்தி, வலப்பக்கத் திருப்பத்தை அடைத்து, சற்றுத் தள்ளி யூ-டர்ன் அடிக்கவிட்டு, பலன் இருந்தால் அப்படியே விட்டு, இல்லாவிட்டால் மாற்றி, கையால் செய்யும் பரிசோதனையாகவே அது நடந்துவந்தது. அதில் அனுபவ அறிவு நிறைய உண்டு. ஆனால் எது ஏன் மாற்றப்பட்டது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்ற பதிவு குடிமக்களின் கண்ணுக்கு வருவதில்லை. ஒரு நாள் காலையில் வழி அடைபட்டிருக்கும். அரை கிலோமீட்டர் சுற்றிவர மனமில்லாதவர் எதிர்த்தடத்தில் ஏறுவார். அவரைப் பார்த்து அடுத்தவர், மறுபடியும், ஜனங்களுக்கு அறிவில்லை என்பார். வடிவமைத்தவர் முகம் தெரியாது, தவறிழைத்தவர் முகமோ கண்ணாடிக்கு நேரே இருக்கிறது. கோபத்துக்கு முகம் வேண்டும்.

விஜயநகரைப் போன்ற இடங்களில் குடியிருப்போர் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் இரண்டு கோரிக்கைகளில் முடிகின்றன: இன்னொரு பாலம், கூடுதல் காவலர்கள். இரண்டும் முன்பே சொன்ன அந்தத் தீர்ப்பிலிருந்து பிறப்பவை. பாலம் மற்றவர்களிடமிருந்து தப்பிக்க, காவலர் மற்றவர்களை அடக்க. சந்திப்பின் வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்கும் மனு அரிது. வரைபடம் கையில் கிடைத்தால் பேச்சின் தன்மையே மாறும். பேருந்து நிறுத்தத்தை எத்தனை மீட்டர் தள்ள வேண்டும், முனையின் வளைவைக் குறுக்கினால் கடக்கும் தூரம் எவ்வளவு குறையும், எந்த மதிலில் ஒரு நடைவழி திறந்தால் எத்தனை பேர் சந்திப்புக்கு வராமலே போகலாம் என்று விவாதிக்க முடியும். இவற்றில் எதற்கும் மேம்பாலத்துக்கு ஆகும் கோடிகள் தேவைப்படாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். நலச்சங்கங்கள் அடுத்த மனுவை எழுதுமுன், சந்திப்பின் அளவு வரைபடத்தையும் சிக்னல் நேரப் பட்டியலையும் போக்குவரத்துக் கணக்கெடுப்பின் தாளையும் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தாள் வந்ததும், நடந்து கடப்பவர்களின் எண்ணிக்கைக்கு அதில் ஒரு பத்தி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், மாலை ஏழு மணிக்கு நாலு பேர் நாலு முனையில் நின்று தாங்களே எண்ணத் தொடங்கலாம்.